குழந்தைகளின் வழக்கமான பரிசோதனைக்குக் குறுஞ்செய்தி நினைவூட்டல்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

காய்ச்சல் வந்த குழந்தையை யாரும் நினைவுபடுத்தாமலே தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். நன்றாகத் தவழ்ந்து விளையாடிக்கொண்டிருக்கும் ஒன்பது மாதக் குழந்தையை எடை பார்க்கவும், உயரமும் தலைச்சுற்றளவும் அளக்கவும், தடுப்பூசி போடவும் குறித்த நாளில் அழைத்து வருவதுதான் கடினம். குழந்தைக்கு ஒன்றும் இல்லை, பிறகு போகலாம் என்று தள்ளிப்போகும். முதல் பிறந்தநாளுக்குப் பிறகு இது இன்னும் கூடும். ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் இடையே மூன்று மாதம், ஆறு மாதம் என்று இடைவெளி நீளும்போது அட்டையில் எழுதிய தேதி யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பக் குறுஞ்செய்தி உதவும். எவ்வளவு உதவும் என்பதில் மட்டும் அளவான எதிர்பார்ப்பு வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் பலவகை மருத்துவ வருகைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நினைவூட்டலே இல்லாதவர்களில் 67.8 சதவீதம் பேர் வந்தார்கள், குறுஞ்செய்தி பெற்றவர்களில் 78.6 சதவீதம், போனில் அழைக்கப்பட்டவர்களில் 80.3 சதவீதம். அதாவது போன் அழைப்புக்கு ஏறக்குறைய ஈடான பலன், அதைவிடக் குறைந்த செலவில். தடுப்பூசிகளுக்கான நினைவூட்டல்களை மட்டும் எடுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு கொக்ரேன் ஆய்வில் சராசரி முன்னேற்றம் 8 சதவீதப் புள்ளிகள். நூற்றுக்கு எட்டுக் குழந்தைகள் கூடுதலாக வருவது சின்ன விஷயமில்லை. ஆனால் ஒரு மென்பொருளை வாங்கிப் போட்டதும் எல்லாரும் வந்து நிற்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

செய்தி அனுப்புவது இந்த வேலையின் கடைசி, எளிய பகுதி. அதற்கு முன்னால் இருக்கும் பட்டியலும், அதற்குப் பின்னால் பதில் எடுக்கும் ஆளும் சரியில்லையென்றால் எவ்வளவு அழகாக எழுதிய செய்தியும் வீண்.

முதலில் 30 வீடுகளுக்குப் போன் செய்யுங்கள்

கடந்த இரண்டு மாதங்களில் வராமல் போன குழந்தைகளின் பட்டியலை எடுத்து, வரிசையாக 30 வீடுகளை அழையுங்கள். இரண்டு கேள்விகள் போதும்: எந்தத் தேதி என்று தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் வரவிடாமல் தடுத்தது எது?

பதில்களை ஐந்து பெட்டிகளில் போடலாம். மறந்துவிட்டது அல்லது தேதியைத் தவறாக நினைத்திருந்தது ஒன்று. வேலையில் விடுப்பு கிடைக்கவில்லை, தூரம், மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பவை இரண்டு. போன தடவை நெடுநேரம் காத்திருந்த கசப்பு, யாரோ கடிந்து பேசியது மூன்று. ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்ற பயம் நான்கு. வேறு இடத்தில் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது ஐந்து.

குறுஞ்செய்தி நேரடியாகத் தீர்ப்பது முதல் பெட்டியை மட்டுமே. இரண்டாவது பெட்டியில் இருப்பவர்களுக்கு நாள் மாற்றும் வசதி இருந்தால் ஓரளவு உதவும். மூன்றாவது பெட்டி நிரம்பி வழிந்தால் காத்திருப்பு நேரத்தைச் சரிசெய்யாமல் செய்தி அனுப்பத் தொடங்குவது எரிச்சலைத்தான் கூட்டும். இந்த 30 அழைப்புகளில் இன்னொரு லாபமும் உண்டு. உங்களிடமுள்ள எண்களில் எத்தனை வேலை செய்யவில்லை என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். பத்துக்கு மேல் தவறான எண்கள் என்றால் அடுத்த பகுதியை இருமுறை படிக்கவும்.

பட்டியல்

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரிசை. அதில் இருக்க வேண்டியவை: பதிவு எண், குடும்ப எண், பிறந்த தேதி, அடுத்த வருகை எது, அதற்கான தேதியும் நேரமும், முதல் போன் எண், அது யாருடையது, இரண்டாவது எண், செய்தி எந்த மொழியில் வேண்டும், சம்மதம் வாங்கிய தேதி, நிறுத்தக் குறி (இனிச் செய்தி அனுப்பக் கூடாது என்பதற்கான அடையாளம்). குடும்ப எண் எதற்கு என்று தோன்றலாம். இரட்டைக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஒரே நிமிடத்தில் ஒரே மாதிரி இரண்டு செய்திகள் போனால், ஒன்று ஏதோ தவறு என்று நினைத்து இரண்டையும் அழித்துவிடுவார்கள். குடும்ப எண் இருந்தால் ஒரே செய்தியாக இணைக்கலாம். அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே வாரத்தில் பரிசோதனை வந்தால் ஒரே நாளில் வைக்கவும் முடியும். நினைவூட்டலைவிட அது பெரிய உபகாரம்.

எக்செல்லில் வைத்திருப்பவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இரண்டு பொறிகள் உண்டு. போன் எண்ணை எக்செல் ஒரு தொகையாக எடுத்துக்கொள்ளும். முன்னால் உள்ள பூஜ்யத்தையும் கூட்டல் குறியையும் விழுங்கிவிடும், நீளமான எண்ணைச் சுருக்கிப் புள்ளிவைத்துக் காட்டும். எண்களை உள்ளிடுவதற்கு முன்பே அந்தப் பத்தியை உரை வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், பிறகு மாற்றினால் தொலைந்த இலக்கம் திரும்பாது. கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, பிறகு எண் என்று இடைவெளி இல்லாமல் எழுதுவதே சர்வதேச வடிவம். மொத்தம் 15 இலக்கங்களைத் தாண்டாது.

இரண்டாவது பொறி தேதி. 04/05 என்பதை ஒரு கணினி மே 4 என்றும் இன்னொன்று ஏப்ரல் 5 என்றும் படிக்கும். நாள் 12ஐத் தாண்டினால்தான் பிழை வெளியே தெரியும். மாதத்தின் முதல் 12 நாட்களில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் சத்தமில்லாமல் தவறான தேதி கணக்காகிக்கொண்டிருக்கும். மாதத்தை எழுத்தால் எழுதுங்கள், அல்லது ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் வையுங்கள்.

எண்ணைச் சரிபார்க்க நம்பகமான வழி ஒன்றுதான்: பதிவு மேசையில் குடும்பம் நிற்கும்போதே அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால். மணி அடித்தால் சரி. "வீட்டில் இருக்கிற போன், ஆனால் எண் இதுதான்" என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுவது போதாது, அவர்களும் தவறான எண்ணையே தலையாட்டி ஒப்புக்கொள்வார்கள். ஒவ்வொரு வருகையின்போதும் "போன தடவை கொடுத்த எண்தானா?" என்று கேட்காமல், "இப்போது என்ன எண் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு யோசிக்காமல் ஆமாம் என்றுதான் வரும்.

சம்மதம்

பதிவு மேசையில் சொல்ல வேண்டியது நான்கு வாக்கியங்கள். "குழந்தையின் பரிசோதனை நாளை நினைவுபடுத்தக் குறுஞ்செய்தி அனுப்புவோம். ஒரு வருகைக்கு இரண்டு அல்லது மூன்று வரும். இந்த போனை வேறு யாரெல்லாம் பார்ப்பார்கள்? வேண்டாம் என்று எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம்." மூன்றாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். போன் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கலாம், பிரிந்து வாழும் தந்தையுடையதாக இருக்கலாம். அதைப் பொறுத்துத்தான் செய்தியில் எவ்வளவு சொல்லலாம் என்பது முடிவாகும். எந்த நேரத்தில் அனுப்பலாம், சம்மதத்தை எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்பதற்கு நாட்டுக்கு நாடு சட்டம் உண்டு. தொடங்குவதற்கு முன் உங்கள் ஊர் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாள் கணக்கு

வருகை அட்டவணை நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் அட்டவணையில் வாரக் கணக்கில் உள்ளதை வாரமாகவும், மாதக் கணக்கில் உள்ளதை மாதமாகவும் வையுங்கள். ஆறு வாரத்தை ஒன்றரை மாதம் என்று மாற்றினால் மூன்று நான்கு நாள் நகரும். அது பின்னால் நகர்ந்தால் பரவாயில்லை, முன்னால் நகர்ந்தால் சிக்கல். குறைந்தபட்ச வயது ஆகாத குழந்தைக்குத் தடுப்பூசி போட முடியாமல் திருப்பி அனுப்ப வேண்டிவரும். செய்தியை நம்பி வந்து திரும்பிப்போன குடும்பம் அடுத்த செய்தியை நம்பாது.

தாமதமாக வந்த குழந்தைக்கு அடுத்த தேதியைப் பிறந்த நாளிலிருந்து மட்டும் கணக்கிடக் கூடாது. முதன்மைத் தடுப்பூசிகளின் தவணைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு வார இடைவெளி வேண்டும் என்பது பரவலான விதி. ஆறாவது வாரத்தில் வர வேண்டிய குழந்தை ஒன்பதாவது வாரத்தில் வந்தால், பத்தாவது வாரச் செய்தி தானாகப் போய்விடக் கூடாது. பதின்மூன்றாவது வாரத்துக்கு நகர வேண்டும். எனவே தேதியைக் கணக்கிடும் சூத்திரத்தில் இரண்டு பகுதிகள் இருக்க வேண்டும்: பிறந்த தேதியிலிருந்து வரும் நாள், கடைசி ஊசியிலிருந்து 28 நாள் கழித்து வரும் நாள். இரண்டில் எது பிந்தையதோ அது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசி பொதுவாகப் பிறந்த தேதிப்படியே. வளர்ச்சியை மதிப்பிடும்போதுதான் இரண்டு வயதுவரை திருத்திய வயதை (பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து எண்ணும் வயதை) பார்ப்பார்கள். அதனால் அழைக்கும் தேதியை நீங்களாகத் தள்ளிவைக்க வேண்டாம்.

எப்போது, எத்தனை

நேரம் குறித்து வரும் மையங்களுக்கு இரண்டு செய்திகள் போதும். முதலாவது ஏழு நாள் முன்பு. விடுப்புக் கேட்கவும், நாளை மாற்றவும் அவகாசம் தருவது இது. இரண்டாவது முந்தின நாள். வராவிட்டால் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ மூன்றாவது. அதற்கும் பதில் இல்லையென்றால் நான்காவது செய்தி வேண்டாம், மனிதர் ஒருவர் போன் செய்ய வேண்டும். ஐந்து, ஆறு என்று அனுப்பிக்கொண்டே போனால் கடன் வாங்கச் சொல்லும் விளம்பரங்களோடு உங்கள் செய்தியும் ஒதுங்கிவிடும்.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீண்ட இடைவெளி உள்ள வருகைக்கு மட்டும் மூன்று வாரம் முன்னதாக "இந்த மாதம் பரிசோதனை இருக்கிறது" என்று ஒன்று கூடுதலாக அனுப்பலாம். நேரம் குறிக்காமல் குறிப்பிட்ட கிழமைகளில் பார்க்கும் மையங்கள், ஒரு தேதியைத் திணிப்பதைவிட "செவ்வாய் அல்லது வியாழன், காலை 9 முதல் 12 வரை" என்று இரண்டு நாளைத் தருவது நல்லது.

நேரம்: மாலை 5 முதல் 7.30 வரை பெரும்பாலும் நல்ல பலன் தரும். போன் ஒருவரிடமும் குழந்தை இன்னொருவரிடமும் இருக்கும் வீடுகளில், இருவரும் ஓரிடத்தில் இருக்கும் நேரம் அதுதான். அனுப்பும் சேவைகள் பலவற்றின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடும். மாலை 6 மணி என்று நினைத்து வைத்தது நள்ளிரவில் போய் விழும். முதல் வாரம் உங்கள் சொந்த எண்ணைப் பட்டியலில் சேர்த்துவைத்து, செய்தி எப்போது வருகிறது என்று பாருங்கள்.

வாசகம்: எழுத்தை எண்ணுவது

தமிழில் அனுப்புபவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது. ரோமன் எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள். தமிழ் எழுத்து ஒன்று நுழைந்தாலே முழுச் செய்தியும் யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துகளுக்குமான கணினிக் குறியீட்டு முறைக்கு) மாறி 70 ஆகிவிடும். எழுபதைத் தாண்டினால் செய்தி பாகங்களாக உடையும், உடைந்த ஒவ்வொரு பாகத்திலும் 67 எழுத்துதான் கொள்ளும். மீதி மூன்றும் பாகங்களை ஒட்டவைக்கும் குறிப்புக்குப் போகிறது. ஆக இரண்டு பாகம் என்றால் 134, மூன்று என்றால் 201. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனிக் கட்டணம்.

இதிலும் ஒரு சூட்சுமம். நாம் ஓரெழுத்து என்று எண்ணுவதைக் கணினி அப்படி எண்ணாது. புள்ளியும் கால்வாங்கியும் கொம்பும் சுழியும் தனித்தனி இடம் எடுக்கும். "குழந்தை" என்பது நம் கண்ணுக்கு நான்கெழுத்து, கணினிக்கு க, உகரக் குறி, ழ, ந, புள்ளி, த, ஐகாரக் குறி என ஏழு. "வெள்ளிக்கிழமை" 13 இடம், "வெள்ளி" 6. "கிழமை"யை விட்டாலே ஒற்றோடு சேர்த்து ஏழு இடம் மிச்சம்.

ஒரு வாசகத்தை எடுத்துச் சுருக்கிப் பார்க்கலாம். முதலில் இயல்பாக எழுதியது:

"குழந்தைகள் நல மையம்: மார்ச் 14, வெள்ளி காலை 10.30க்குக் குழந்தைக்குப் பரிசோதனை. அட்டையுடன் வாருங்கள். வர முடியுமானால் 1, நாள் மாற்ற 2 என்று பதில் அனுப்புங்கள்."

இடைவெளிகளும் நிறுத்தக்குறிகளும் சேர்த்து 159. மூன்று பாகம். மையத்தின் பெயரிலேயே குழந்தை இருப்பதால் "குழந்தைக்குப்" தேவையில்லை. "வர முடியுமானால்" என்பது "வருவதானால்" ஆகலாம். "என்று பதில்" போனாலும் பொருள் கெடாது.

"குழந்தைகள் நல மையம்: மார்ச் 14, வெள்ளி காலை 10.30க்குப் பரிசோதனை. அட்டையுடன் வாருங்கள். வருவதானால் 1, நாள் மாற்ற 2 அனுப்பவும்."

இப்போது 126. இரண்டு பாகத்தில் அடங்கி, எட்டு இடம் மிச்சமும் இருக்கிறது. முந்தின நாள் செய்தியை ஒரே பாகத்தில் முடிக்கலாம்:

"குழந்தைகள் நல மையம்: நாளை வெள்ளி காலை 10.30 பரிசோதனை. அட்டை மறவாதீர்."

இது 69. "மறவாதீர்" கொஞ்சம் மேடைத்தமிழ்தான். "மறக்காதீர்கள்" என்று போட்டால் 74 ஆகி இரண்டு பாகமாகிவிடும். காசுக்காக மொழியைக் கடுமையாக்குவது பிடிக்காதவர்கள் "அட்டை தேவை" என்று முடிக்கலாம், அது இன்னும் குறைவு. மாதம் 200 வருகைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு செய்திகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் இரண்டுமாகப் போனால் 1,000 பாகம். இரண்டும் ஒன்றுமாகச் சுருக்கினால் 600.

"நாளை" என்று மட்டும் எழுதாமல் "நாளை வெள்ளி" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். போன் அணைந்திருந்தால் செய்தி மறுநாள் காலைதான் சேரும். அப்போது "நாளை" என்பதைச் சனிக்கிழமை என்று படித்துவிட்டு அன்று வந்து நிற்பார்கள்.

மையத்தின் பெயர் முதலில் வர வேண்டும். பூட்டிய திரையில் முதல் சில சொற்கள்தான் தெரியும். லிங்க் எதுவும் வேண்டாம், குறிப்பாகச் சுருக்கப்பட்ட லிங்க். தெரியாத லிங்கைத் தொடாதீர்கள் என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கும்போது நீங்களும் அதையே அனுப்பினால் செய்தி மொத்தத்துக்கும் சந்தேகம் வரும். குழந்தையின் பெயர், நோய், ஊசியின் பெயர் ஆகியவற்றையும் தவிர்க்கலாம். பெயர் சேர்த்தால் பெற்றோருக்கு நெருக்கமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் எண் கைமாறியிருந்தால் ஒரு குழந்தையின் பெயரும் அது எங்கே, எப்போது இருக்கும் என்பதும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் கிடைக்கும்.

தொனியைப் பற்றி ஒரு வார்த்தை. லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், வராமல் போனால் மருத்துவமனைக்கு ஆகும் செலவைச் செய்தியில் குறிப்பிட்டபோது வராதோர் அளவு 11.1 சதவீதத்திலிருந்து 8.4 ஆகக் குறைந்தது. மருத்துவமனை வெளிநோயாளிகளிடம் அது எடுபட்டிருக்கிறது. குழந்தைப் பரிசோதனைக்கு அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. பிள்ளையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ என்ற குற்றவுணர்ச்சி ஏற்கெனவே உள்ள தாயிடம் செலவுக் கணக்கு காட்டினால், அடுத்த முறை அவர் வேறு கதவைத் தேடுவார், அல்லது எந்தக் கதவையும் தேடமாட்டார். வராதவர்களுக்கு அனுப்பும் வாசகம் இப்படி இருக்கலாம் (116 எழுத்து, இரண்டு பாகம்):

"குழந்தைகள் நல மையம்: நேற்றைய பரிசோதனைக்கு வர இயலவில்லையா? புதிய நாள் தருகிறோம். 2 என அனுப்பினால் நாங்களே அழைக்கிறோம்."

ரோமன் எழுத்தில் தமிழ் எழுதி அனுப்பினால் 160 கிடைக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. பதிவின்போது கேட்டுப் பாருங்கள், சிலர் அதைத்தான் விரும்புவார்கள். அப்படி அனுப்பும்போது வேர்டிலிருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள் குறியோ நீளக் கோடோ ஒன்று உள்ளே வந்தாலும் முழுச் செய்தியும் 70க்கு இறங்கிவிடும். நேரான குறிகளை மட்டும் பயன்படுத்துங்கள். படிக்கவே தெரியாதவர் உள்ள வீட்டுக்கு எந்த எழுத்தும் உதவாது, அங்கே பதிவு செய்த குரல் அழைப்புதான்.

அனுப்பும் வழி

நாளுக்கு இருபது செய்திக்குள் என்றால் மையத்துக்கென ஒரு சிம், ஒரு போன், அதில் சேமித்த வாசகம், இவை போதும். ஊழியரின் சொந்த எண்ணிலிருந்து அனுப்ப வேண்டாம். அவர் விடுப்பில் போனால் பதில்களும் விடுப்பில் போகும், இரவு பதினொரு மணிக்கு அவருக்கு அழைப்பும் வரும். இருபதைத் தாண்டினால் மொத்தமாக அனுப்பும் சேவை எடுப்பது நல்லது. வாங்குமுன் மூன்று கேள்விகள்: பதில் பெற முடியுமா? ஒவ்வொரு எண்ணுக்கும் டெலிவரி ரிப்போர்ட் உண்டா? செய்தி எத்தனை மணி நேரம்வரை முயன்று பார்த்துவிட்டுக் காலாவதியாகும்?

எண்ணுக்குப் பதில் எழுத்தாலான பெயர் அனுப்புநராகத் தெரிவது கௌரவமாக இருக்கும் (பதினொரு ரோமன் எழுத்துகள்வரை). ஆனால் அந்தப் பெயருக்கு யாரும் பதில் அனுப்ப முடியாது. 1, 2 என்று அனுப்பச் சொல்லிவிட்டு, பதில் போகாத பெயரிலிருந்து செய்தி அனுப்புவது அடிக்கடி நடக்கும் தவறு.

டெலிவரி ரிப்போர்ட் "சேர்ந்தது" என்று சொன்னால் போனுக்குச் சேர்ந்தது என்று மட்டுமே பொருள், படித்தார்கள் என்றல்ல. "சேரவில்லை" என்பதுதான் பயனுள்ள தகவல். இரண்டு முறை தொடர்ந்து சேராத எண்ணைச் சிவப்பாகக் குறித்து, இரண்டாவது எண்ணை முயலுங்கள்.

முழுப் பட்டியலுக்கும் அனுப்புவதற்கு முன் பத்து வெவ்வேறு போன்களில் சோதியுங்கள். அதில் குறைந்தது இரண்டு பழைய பட்டன் போன்களாக இருக்கட்டும். சிலவற்றில் தமிழ் எழுத்து வெறும் கட்டங்களாகத் தெரியும்.

பதில் வந்தால்

நாள் மாற்றக் கேட்டு 2 அனுப்பியவருக்கு அன்று மாலைக்குள், தவறினால் மறுநாள் காலை பத்து மணிக்குள் அழைப்பு போக வேண்டும். யார் பெயரில் இந்த வேலை என்பதை எழுதிவையுங்கள். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஒரு வாரத்துக்கு நான்கைந்து இடங்களை மாற்று நாள் கேட்பவர்களுக்காகக் காலியாக வைத்திருங்கள். அடுத்த இடம் மூன்று வாரம் கழித்துத்தான் என்று சொல்ல நேர்ந்தால், நினைவூட்டல் உண்டாக்கிய விருப்பம் அங்கேயே கரைந்துபோகும்.

1, 2 தவிர வேறு பதில்களும் வரும். "குழந்தைக்கு நேற்றிலிருந்து வாந்தி" என்று ஒருவர் எழுதுவார். பதில் பெட்டியை இரவில் யாரும் பார்ப்பதில்லை என்றால், "இந்த எண்ணில் மருத்துவ ஆலோசனை இல்லை, அவசரமென்றால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்" என்ற தானியங்கிப் பதிலை வைத்துவிடுங்கள்.

நிறுத்துவது

மற்ற எல்லாப் பிழைகளையும் மன்னித்துவிடலாம், இறந்துபோன குழந்தைக்குப் பரிசோதனைக்கு வரச் சொல்லிச் செய்தி அனுப்புவதை மன்னிக்க முடியாது. கர்ப்ப காலப் பட்டியலிலிருந்து பிறந்த தேதியை ஊகித்துத் தானாகக் குழந்தைப் பட்டியலுக்கு மாற்றும் அமைப்புகளில் இந்த ஆபத்து அதிகம். குழந்தை உயிரோடு பிறந்தது உறுதியான பிறகு, ஒரு மனிதர் கையால்தான் குழந்தைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மரணப் பதிவும் மருத்துவமனை சேர்க்கையும் மையத்துக்குத் தெரிந்த அன்றே நிறுத்தக் குறி விழ வேண்டும். அந்தக் குறி, ஏற்கெனவே வரிசையில் நிற்கும் செய்திகளையும் ரத்து செய்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். பல சேவைகளில் பட்டியலிலிருந்து நீக்கினாலும், நேரம் குறித்து வைத்த செய்தி போயே தீரும்.

"தவறான எண்" என்று பதில் வந்தால் உடனே நிறுத்துங்கள், உறுதிப்படுத்தச் சொல்லி இன்னொரு செய்தி அனுப்பாதீர்கள். வேண்டாம் என்று சொன்னவர்களின் எண்ணை அழித்துவிடாமல் நிறுத்தப் பட்டியலில் வையுங்கள். அழித்தால் அடுத்த மாதம் பழைய கோப்பிலிருந்து திரும்பவும் ஏறிவிடும். மையத்துக்கு விடுமுறை அறிவித்த நாளில், அன்றைய வருகைகளுக்கான நினைவூட்டல்களை நிறுத்தும் பொறுப்பும் ஒருவருக்கு இருக்க வேண்டும்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க

தொடங்குவதற்கு முந்தின மூன்று மாதங்களின் கணக்கை எடுத்துவையுங்கள். "வந்தார்" என்பதற்கு ஒரு வரையறை வேண்டும்: குறித்த நாளிலிருந்து 14 நாளுக்குள் வந்தால் வந்ததாகக் கொள்ளலாம். வகுக்கும் எண், அந்த மாதம் வர வேண்டியிருந்த எல்லாக் குழந்தைகளும். செய்தி சேர்ந்தவர்களை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் சதவீதம் பிரமாதமாகத் தெரியும். போன் எண் மாறாமல், வீடு மாறாமல் இருக்கும் குடும்பங்கள் செய்தி இல்லாமலும் வந்திருப்பார்கள் என்பதுதான் அதன் ரகசியம்.

முன்னும் பின்னும் ஒப்பிடுவதில் பள்ளி விடுமுறை, மழை, திருவிழா எல்லாம் குழப்பும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தொடங்க முடியாத நிலை என்றால், குடும்ப எண் ஒற்றைப்படையாக உள்ளவர்களுக்கு முதல் சில மாதங்கள் அனுப்பி, இரட்டைப்படையோடு ஒப்பிடலாம். பதிவு எண்ணை வைத்துப் பிரித்தால் இரட்டையரில் ஒரு குழந்தை இந்தப் பக்கமும் இன்னொன்று அந்தப் பக்கமும் விழும். 60 சதவீதம் 70 ஆக உயர்ந்ததை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 350 குழந்தைகள் தேவை. நாற்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு பத்துப் புள்ளி ஏறியது, இறங்கியது என்று அறிக்கை எழுத வேண்டாம்.

மாதக் கடைசியில் நான்கு எண்கள் போதும்: வர வேண்டியவர்கள், வந்தவர்கள், செய்தி சேராத எண்கள், நாள் மாற்றக் கேட்டு 24 மணி நேரத்துக்குள் அழைக்கப்படாதவர்கள். கடைசி எண் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் வாசகத்தை மாற்றிப் பயனில்லை, பதில் எடுக்கும் ஆளின் வேலைப்பளுவைப் பாருங்கள். மூன்று வருகைகள் தொடர்ந்து தவறிய பெயர்களைத் தனியே எடுத்து, குறுஞ்செய்தி வரிசையிலிருந்து நீக்கி, வீடு தேடிப் போகும் களப்பணியாளரின் பட்டியலில் முகவரியோடு சேர்த்துவிடுங்கள்.